குலுங்காத காரு

பெருந்துறையிலிருந்து மாமனார பஸ்ஸுல கூட்டியாந்த ஈஸ்வரமூர்த்தி, செருப்பக்கூட கழட்டாம நேரா கார் செட்டுக்குள்ள ஓடி, காரோட பின்சீட்டுக்குப் பின்னால இருந்த பேட்டரியத்தான் தொட்டுப் பாத்தான்.

ஜில்லுனு இருந்துச்சு.

ஈரச்சாக்கு போத்துன பேட்டரி மேல பழைய ரேடியேட்டர் பேன் ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவன் பொண்டாட்டி சாந்தாமணி சொன்ன சொல்லு தவறாதவ.

"சூடு ஏறுனா பேட்டரி ஆயுசு பாதியாயிரும் அம்மணி. என்ன ஆனாலுஞ்சரி, நான் வர்றவரைக்கும் பேன் நிக்கப்படாது"ன்னு காத்தால சொல்லிப்போட்டுப் போயிருந்தான். போன சித்திரை வெயில்ல ஒரு செட்டு பேட்டரியே செத்துப்போச்சே.

பீளமேட்டு லேத்துப் பட்டறையில அவனே செஞ்ச கரண்ட்டு காரு அது. இன்னிக்கு மாமனார கருமத்தம்பட்டி வரைக்கும் கொண்டுபோய்ட்டா பட்டறை பொழச்சுது. இல்லீனா பட்டறைய மூடிப்போட்டு, நாளைக்கே மாமனாரோட கோழிப்பண்ணையில போயி இவன் முட்டை பொறுக்கோணும். மாமனாரு கட்டுன பந்தயம் அதான்.

ஊட்டுக்குள்ள சாந்தாமணி அவ அப்பாவுக்குக் காலண்டர் அட்டையில வீசிக்கிட்டு இருந்தா.

"ஏனுங் மாப்ள, பேட்டரிக்கு பேனு, எனக்கு அட்டைங்களா?"ன்னாரு நஞ்சப்பன்.

சிரிச்சு மழுப்பி அவர கார்ல ஏத்துனான்.

ஷாக் அடிச்சுரும்னு மனுசன் காலு ரெண்டையும் சீட்டு மேல தூக்கி வெச்சுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. பின்னால சுத்துன பேன் காத்து அவரு பொடனியில அடிச்சுது.

சாவியத் திருப்புனான். மிதிச்சான்.

காரு நகரலை.

சாந்தாமணி ஜன்னல்கிட்ட வந்து அவன் காதுல குசுகுசுத்தா. "நீங்க போனதுமே கரண்ட்டு போயிருச்சுங்க. இன்னும் வரலை. பேன் நிக்கப்படாதுன்னீங்களே... அதான் பேன் ஒயர எடுத்து இந்தக் கார் பேட்டரியிலயே மாட்டி உட்டுட்டனுங்க."

ஈஸ்வரமூர்த்திக்குக் கொக்கொக்குனு கோழிச் சத்தம் காதுல கேக்க ஆரம்பிச்சுருச்சு.

"அட, குலுக்கமே தெரியலீங்களே மாப்ள!" கண்ணத் தொறக்காமயே நஞ்சப்பன் பூரிச்சுப் போனாரு. "காத்தும் நல்லா வருது. நீலாம்பூரு தாண்டிட்டமுங்களா?"

பின்னால பேன் மூச்சு வாங்கி, மெதுவாகி, நின்னே போச்சு.

சாந்தாமணி புருசனப் பாத்தா. ஊட்டுக்குள்ள ஓடிப்போயி காலண்டர் அட்டைய எடுத்தாந்து, ஜன்னல் வழியா அப்பா மூஞ்சிக்கு நேரா வேகமா வீச ஆரம்பிச்சா.

ஈஸ்வரமூர்த்தி வாயிலயே ஒரு ஆரன் அடிச்சுட்டு, ஸ்டீரிங்க மெல்ல வலது பக்கம் ஒடிச்சான்.