ஒல்லி டயர்

என் கடைமேல், கடையில் இருக்கும் அத்தனை டயர்மேலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யில்லை. நான் இதுவரை விட்ட கதைகளில் பாதிக்குமேல் வெறும் காற்றுதான். திமிங்கிலத்துக்குப் பஞ்சர் ஒட்டினேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். இது நிஜம்.

முடிவெட்டும் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். "அந்த டயர்க்கடைக் கிழவனா? ஏமாத்துக்காரன்! ஆகாத டயரை என் தலையில கட்டினான்!" என்று பைலட் பாதி முகத்தில் சோப்போடு கத்துவார்.

கத்தட்டும்.

பைலட் என்றால் விமானம் இல்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய குட்டிக் கார் வாங்கினார். சோப்பு டப்பா அளவு, வெளிர் மஞ்சள், என்னைவிட நாலு வயசுதான் சின்னது. அதற்கு டயரும் வீலும் மாற்ற ஒரு சனிக்கிழமை காலை மனைவியோடு வந்தார்.

அவர் கண் நேராக அலாய் வீலில் போய் நின்றது. பளபளவென்று, அகல டயரோடு.

"இதைப் போடுப்பா. வண்டி சிங்கம் மாதிரி நிக்கணும்."

"வேணாங்க," என்றார் மனைவி. "பழைய இரும்பு வீலே இருக்கட்டும். ஒல்லி டயர் போதும்."

"நீ சும்மா இரு. இது என்ன வெண்டைக்காயா, பிஞ்சாப் பாத்து எடுக்க?"

"இந்த வயசுல எதுக்குங்க மினுக்கு? பாக்கறவங்க சிரிப்பாங்க."

கடையில் கூட்டம். கூட்டம் இருந்தால் என் நாக்கு சும்மா கிடக்காது. "ஏம்மா, வீட்டுக்காரர் அழகாயிடுவார்னு பயமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பைலட் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அவர் வீலைத் தடவிப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் அந்தம்மா என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் தனியா..."

"தனியா என்னம்மா, தள்ளுபடியா? எல்லார் முன்னாடியும் கேளுங்க, தர்றேன்!"

மறுபடி சிரிப்பு. அந்தம்மா ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அகல டயரையே மாட்டினேன்.

வண்டி புறப்பட்டது. தெரு முனையில் அவர்கள் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கார் கொஞ்சம் தயங்கியது. பிறகு நேராகவே போய்விட்டது.

"பாத்தீங்களா? புது வீலோட ஊரைச் சுத்தக் கிளம்பிட்டாரு பைலட்!" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தம்மா தனியாக நடந்து வந்தார்.

"கார் எப்படிம்மா ஓடுது?"

"போர்வை போட்டு மூடிட்டாருண்ணே. 'என் கை போயிடுச்சு, இனிமே நான் டிரைவர் இல்லே'ன்னு சாவியை என்கிட்ட குடுத்துட்டாரு."

அப்புறம்தான் மீதியைச் சொன்னார். பைலட்டின் இடது கையில் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம். டாக்டர் இந்தம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டலாம், கைக்குக் கனமான வேலை மட்டும் கூடாது.

ஒல்லி டயர் என்றால் அந்தக் குட்டி வண்டியின் ஸ்டியரிங் ரெண்டு விரலுக்கு வளைந்து கொடுக்கும். அகல டயர் ரோட்டைக் கவ்விக்கொள்ளும். திருப்ப இரண்டு தோளும் வேண்டும். நாற்பது வருஷத் தொழில். எனக்கா தெரியாது?

"அவருக்கு எதுவும் தெரியாமலே இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பாரு," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"இப்பவே கழட்டிட்டு ஒல்லி டயர் மாட்டறேம்மா."

"இப்ப மாட்டினா, எதுக்குன்னு அவருக்குப் புரியாதாண்ணே?"

அன்று சாயங்காலமே பைலட் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள் கார். பக்கத்தில் நாற்காலி போட்டு அவர்.

"பைலட், என்னை மன்னிக்கணும். அந்த டயர் உங்க வண்டிக்கு ஆகாது. சரக்கு தேங்கிக் கிடந்துச்சு, தெரிஞ்சேதான் மாட்டிவிட்டேன். இதே மாதிரி வாங்கின ரெண்டு பேரு திரும்பக் கொண்டாந்துட்டாங்க. ஒருத்தன் மூட்டை தூக்கறவன், மலை மாதிரி இருப்பான். அவனாலயே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியலே!"

பைலட் எழுந்து நின்றார்.

"அப்போ... டயராடா?"

"டயர்தான்."

"படுபாவி! மூணு வாரமா நான் என் கையையே பாத்துக்கிட்டு..." அதற்குமேல் அவர் திட்டியது தெருக்கோடி வரை கேட்டது. அந்தம்மா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இப்போது இரும்பு வீல், ஒல்லி டயர். தினமும் காலை என் கடை வழியாகத்தான் போகிறார். ஹாரன் அடித்து ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்.

ஆனால் முனையில் திரும்புவதற்கு முன் ஒரு கணம் குனிந்து தன் இடது கையைப் பார்த்துக்கொள்கிறார். முன்பெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டார். அந்தப் பார்வையை மாட்டிவிட்டவன் நான். கழற்றத்தான் தெரியவில்லை.

ஆகவே, முடிவெட்டும் கடையில் அவர் என்னைத் திட்டினால், நீங்களும் கூடச் சேர்ந்து நாலு திட்டு திட்டுங்கள். நிஜத்தை மட்டும் அவரிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.