இராஜாங்கத்துக்கு அழுதவர்

நாய் செத்ததற்கு ஒரு மனிதர் இப்படியா அழுவார்?

நீடாமங்கலத்தை அடுத்த அந்த ஊரில் அன்றைக்கு இதே பேச்சுதான். கட்சித் தலைவர் இளவழுதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நாய்க்கு மாலை போட்டு, மேளம் வைத்து, கொல்லையில் புதைத்தார்கள்.

"கூலி கேட்டு அடிபட்டுச் செத்தானே வீரையன், அவனுக்கு வராத கண்ணீரு" என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

தலைவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்த வீரையன் மனைவி காத்தாயி மட்டும் அப்படி நினைக்கவில்லை. நாட்டை ஆண்ட பெரிய பெரிய தலைவர்களெல்லாம் நாயும் மானும் கிளியும் வளர்த்தவர்கள்தான் என்று இளவழுதி மேடையில் பேசுவார். பேச்சோடு நிற்கவும் இல்லை. மணி, டைகர் என்று ஏதோ ஒன்றை வைக்காமல், மனிதருக்கு வைப்பதுபோல் இராஜாங்கம் என்று தன் நாய்க்கு வாய் நிறையப் பெயர் வைத்திருந்தார்.

நாய்க்கே அழுகிறவர் நமக்கு நல்லது செய்யாமலா போவார் என்று நம்பினாள், பாவம்.

அது நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த சமயம். அளவுக்கு மேல் இருப்பதை அரசாங்கம் எடுத்து, உழைத்தவர்களுக்குக் கொடுக்கும் என்றார்கள். தலைவரின் வாய்க்காலோரத்து வயலைக் கேட்டு அவளும் மனு கொடுத்திருந்தாள். அவளும் வீரையனும் காலமெல்லாம் நட்டு அறுத்த வயல். அது கிடைத்தால் மகள் தங்கம்மாள் அரை வயிற்றோடு படுக்க வேண்டாம்.

நாயைப் புதைத்த மறுநாள் காலை, தங்கம்மாள் ஆசையாக வளர்த்த நாய்க்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குக் கிளம்பினாள் காத்தாயி. மகள் அழுதுகொண்டே பாதி தூரம் பின்னால் வந்தாள்.

"அய்யா, இதுக்கும் இராஜாங்கம்னே பேரு வைங்க. போன உசிரு திரும்பி வந்த மாதிரி இருக்கும்."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் குட்டியை வாங்கிக்கொண்டார்.

"என் வயித்துல பாலை வார்த்தே, காத்தாயி."

அந்த வாரமே தாசில்தார் விசாரணைக்கு வந்தார். வயல் வரப்பில் ஊரே கூடிவிட்டது. காத்தாயி முன்னால் நின்றாள். ஊரின் நிலக்கணக்கை வைத்திருந்த கர்ணம், தாசில்தார் காதில் ஏதோ சொன்னார்.

தாசில்தார் தலைவரிடம் திரும்பினார். "இந்த வயல் உங்க பேர்ல இல்லையே. இராஜாங்கம்ங்கறவர் பேர்ல இருக்கு. அப்படி ஒருத்தர் நெசமாவே இருக்காரா?"

"நான் பொய் சொல்லி அறியாதவன் சார்" என்றார் தலைவர். "இராஜாங்கம் என் வீட்டுலதான் இருக்கான். என் கையாலதான் சாப்பிடுறான்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தலைவரிடம்தான் வேலை. காத்தாயி தாசில்தாரிடம் ஓடினாள். அவள் வாயைத் திறப்பதற்குள், மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் ஜீப்பில் ஏறிவிட்டார்.

நாயைப் புதைத்த அன்று ஒரு ராத்திரி முழுக்க அந்த வயல் சொந்தக்காரன் இல்லாமல்தான் கிடந்தது. பெற்ற பெண்ணை அழவிட்டு, புதுச் சொந்தக்காரனை மடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் காத்தாயிதான்.