டெல்வினுக்குப் பிடிக்காத பாட்டு

என் மகள் ஷீஜாவைப் பெண் பார்க்க வந்த டெல்வினிடம், சாயா ஆறும் முன்னே கேட்டேன். "பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு கேப்பியா மக்கா?"

"சே! அது பேய்ப்பாட்டுல்லா மாமா. கோயில் பாட்டு மட்டுந்தான்."

பிடரியில் வெயில் படாத வெளுப்பு. நீள முடியை நேற்றுத்தான் வெட்டியிருக்கிறான்.

"நீ ராக் பேண்டுல கிட்டார் வாசிக்கியன்னு குளச்சல்ல சொன்னாவளே?"

"கள்ளம் மாமா. மாதாவுக்க மேல சத்தியம். குடும்பத்துப் பெண்ணு இருக்க வீட்டுல அந்தச் சத்தமே கேக்கப்பிடாது."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்துவிட்டேன். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"ஏன் மாமா?"

உள்ளறைக் கதவைத் திறந்தேன். பட்டுச்சேலையோடு ஷீஜா உட்கார்ந்திருந்தாள், ட்ரம்ஸுக்குப் பின்னால்.

"இவ கல்லூரி ராக் பேண்டுல இத அடிக்கியவ. நீ கிட்டார்காரன்னு கேட்டுத்தான் ஒன்ன வரச் சொன்னேன்."