தலைவி வீட்டுக் குழாய்

ஊரின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் பேரூராட்சித் தலைவியின் வீட்டுக் குழாய் தானாகத் திறக்கும். தலைவி பொன்னழகே கூட்டத்தில் முதல் ஆளாய்க் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானம் அது, கண்ணுகளா. ஒரு நாள் அந்தக் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. அன்றைக்கென்று பார்த்து அவள் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வீட்டில் காபி போடக்கூடத் தண்ணீர் இல்லை.

அவள் கணவர் ஞானதுரை போனில் கெஞ்சினார்.

"ஒரு லாரித் தண்ணிக்குச் சொல்லேன். தலைவி சொன்னா மாட்டேன்னா சொல்வான்?"

"சொல்லமாட்டான், அதான் கேக்கலை. மேட்டுத் தெருவுல கடைசி வீடு, ராக்கு அக்கா வீட்டுக்கு இன்னும் ஏறலைங்க. வால்வுல மண்ணு அடைச்சிருக்கு, குழிக்குள்ளதான் நிக்கேன். அவங்களை உட்கார வைங்க."

ஞானதுரை கூசிக்கொண்டே உள்ளதைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எழுந்துவிடுவாரோ என்று ஞானதுரை மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அப்போது கொல்லையில் குழாய் இருமியது. குடத்தோடு ஓடினார் ஞானதுரை.

"ராக்கு அக்கா வீட்டுக்கு ஏறிட்டு!" என்று அங்கிருந்தே கத்தினார். "இந்தா, இப்ப காபி வந்துரும்."

"காபிக்கு என்ன அவசரம்?" என்றார் அந்த அம்மாள். "சம்பந்தி குழியிலருந்து ஏறி, கால் கழுவிட்டு வரட்டும். சேர்ந்தே குடிப்போம்."

ஞானதுரை அப்படியே நின்றுவிட்டார். குடம் தளும்பியது. மகள்தான் ஓடிவந்து குழாயை மூடினாள்.