அடுத்த சுற்று

மூன்று வகை டேப்புகளில் இரைச்சல் மிகக் குறைந்த வகையை நவமணிதான் தேர்ந்தெடுத்தாள். அதில் ஒரு புது டேப் சுருளின் உறையைக் கிழித்ததும் அவள்தான். ரெக்கார்டரில் மாட்டி, தொடக்கத்தில் சோதனை ஒலியைப் பதிந்து, மீட்டரின் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தினாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதுவும் பதியாத பகுதியை ஓடவிட்டாள்.

இரைச்சலுக்கு அடியில், மிக மெலிதாக, இத்ரீஸின் அலறல் கேட்டது.

அவள் சட்டென்று சுருளை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள். கூட வேலை பார்க்கும் இத்ரீஸ் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சுருளைச் சற்றுப் பின்னுக்குத் திருப்பி, அந்த இடத்தை மட்டும் அவனுக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, என் குரல்தான்," என்று சிரித்தான். "சுத்தி வச்ச டேப்புல சத்தம் பக்கத்துச் சுத்துக்குக் கசியும்லக்கா. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லேசா கேக்குமே, அது மாதிரி."

"அது பதிஞ்ச டேப்புலடா. இதுல சோதனை ஒலியத் தவிர இன்னும் யாரும் எதையும் பதியல."

"அப்ப அடுத்த சுத்துல முழுசா இருக்கும்."

அவள் கையை எடுக்கவில்லை. இத்ரீஸ் டீயைக் கீழே வைத்தான். சிரிப்பு மாறாமலே, அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சுருளிலிருந்து விலக்கினான். கடைசியாகச் சுண்டுவிரல் மட்டும் சுருளை ஓடவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.