கேபிளுக்குக் காத்திருந்தவன்

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் எழுப்பி என்று ஒருவன். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழித்துக்கொண்டு, மற்ற வேலைக்காரர்களை வரிசையாகக் கிளப்பிவிடுவது அவன் பொறுப்பு. வரிசையில் முதல் ஆள் இணையன். இன்டர்நெட் கேபிள் வந்து சேர்ந்தால்தான் நகர்வான். அவன் நகர்ந்தால்தான் அடுத்தவர்கள் போகலாம். கடைக்காரி மரகதவல்லியோ அந்தக் கேபிளை எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

அன்றும் திரை கறுப்பாகவே நின்றது. "இன்னைக்கும் வேலை செய்யலைன்னா உன்னைப் பழைய இரும்புக் கடையிலதான் போடணும்" என்றாள்.

எழுப்பிக்குச் சுர்ரென்று ஏறியது. "டேய் இணையா! உன்னால பிரிண்டர்காரன், எழுத்துக்காரி எல்லாரும் நிக்கிறாங்க. நகருடா!"

"கேபிள் வந்துடும் அண்ணே. நான் இல்லாத நேரம் பார்த்து வந்துட்டா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் எழுப்பியின் குரல் இறங்கியது. "சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நீ காத்திரு. ஆனா ஓரமா நின்னு காத்திரு."

"என் இடம்?"

"எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான்."

இணையன் ஒதுங்கினான். மற்றவர்கள் இடித்துக்கொண்டு ஓடினார்கள். திரை பளிச்சென்று வந்தது. "அட கழுதை, உயிரோடதான் இருக்கியா!" என்று மரகதவல்லி அதன் தலையில் தட்டிக்கொடுத்தாள்.

இணையன் நெஞ்சை நிமிர்த்தினான். "பார்த்தீங்களா அண்ணே, நான் விடாம நின்னதுக்குப் பலன்!"

'நீ ஒதுங்கினதாலதாண்டா' என்று எழுப்பிக்கு வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான்.

"ஆமாண்டா ராசா" என்றான்.