கடைசிக் கட்டத்தில் ஒரு ஜி

"அப்பா வாசிச்சா என் பாட்டு காலி. வாசிக்கலேன்னா அம்மா நம்மளையே காலி பண்ணிடுவாங்க!"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பாடும் முதல் பாட்டு, மாலையில் ஒலிப்பதிவு. "என் வீட்டுக்காரர் கிட்டார் இல்லாம பாட்டா?" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். மாமனாரின் கிட்டாரோ, தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டது போலிருக்கும்.

மருமகன் அசரவில்லை. கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளைத் திறந்தான். வாய் நிறையச் சிரிப்போடு விளக்க ஆரம்பித்தான்.

"இதோ பாரு, ஸ்வரத்துக்கு மேல சி, ஜி-ன்னு எழுத்து நிக்குதே, அதான் கார்ட், நாலஞ்சு ஸ்வரம் ஒண்ணாச் சேர்ந்து ஒலிக்கிறது. கிட்டார்காரர் எங்கே எதை மீட்டணும்னு சொல்லும். பார்க்க அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொண்ணையும் கீழே ஒரு தாளத்தட்டுல கட்டிப் போட்டிருக்கு. மவுஸால எவ்வளவு தூரம் இழுத்தாலும் கட்டு அவிழாது."

"மாட்டைப் பத்தியா பேசுறீங்க? எல்லாத்தையும் அழிச்சுத் தொலைங்களேன்."

"அழிச்சாதான் ஆபத்து! மேலே ஒண்ணும் இல்லேன்னா, முன்னாடி வாசிச்சதையே தொடருன்னு அர்த்தம். மனுஷன் நிறுத்தவே மாட்டார். அதுக்குத்தான் 'என்.சி.'ன்னு ஒரு குறி இருக்கு. கார்ட் கிடையாது, பேசாம கையைக் கட்டிக்கிட்டு உட்காருன்னு அர்த்தம்."

கட்டம் கட்டமாக என்.சி. போட்டுக்கொண்டே போனான். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது மனசு கேட்கவில்லை. பாவம், ஒரே ஒரு ஜி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அச்சடித்த தாளை வாங்கிய மாமனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்.சி.ன்னா என்ன மாப்ள, புதுக் கார்டா இருக்கே?"

பக்கத்திலேயே மாமியார்.

"ரொம்பக் கஷ்டமானது மாமா. கம்பியை உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சுக்கணும். துளி சத்தம் வரக் கூடாது."

"கஷ்டமானதை இவரை விட்டா யாரு வாசிப்பா?" என்று பூரித்துப்போன மாமியார், கார் சாவியை எடுக்க உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமனார் மருமகனின் காதருகே குனிந்தார்.

"மாப்ள, நீங்க நல்லா இருக்கணும்! கல்யாணமான நாள்லேருந்து, இவகிட்டேருந்து தப்பிக்க வழி தெரியாமத்தான் வாசிச்சுக்கிட்டிருக்கேன். கடைசிக் கட்டத்துல மட்டும் ஒரு ஜி விட்டுப் போச்சு பாருங்க... அதையும் என்.சி. ஆக்கிடுங்க!"